கத்தியா, ஊசியா? பன்றிக்குட்டிகளின் காயடிப்பும் ஐரோப்பாவின் தயக்கமும்

காளைக்கு ஏன் காயடிக்கிறார்கள் என்று கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முரட்டுத்தனம் அடங்கி ஏருக்கும் வண்டிக்கும் பழக வேண்டும், அதற்காகத்தான். ஐரோப்பாவில் ஆண் பன்றிக்குட்டிகளுக்குக் காயடிப்பதற்கான முக்கியக் காரணம் வேறு. அது நாற்றம். பன்றி இறைச்சியை வாணலியில் போட்டுச் சூடாக்கும்போது சில சமயம் கிளம்பக்கூடிய ஒரு நாற்றத்தைத் தவிர்ப்பதற்காக, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளின் விதைகள் அறுத்து எடுக்கப்படுகின்றன.

எத்தனை குட்டிகள் என்று கேட்டால் தலை சுற்றும். 2000-களின் பிற்பகுதியில் போடப்பட்ட கணக்குப்படி, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி. ஜெர்மனியில் மட்டும் சுமார் 2 கோடி. அன்று இவற்றில் மிகப் பெரும்பாலான குட்டிகளுக்கு மயக்க மருந்தோ வலி நிவாரணியோ கிடையாது.

இத்தனைக்கும் கத்தியே தேவைப்படாத ஒரு வழி 1998-லிருந்தே இருக்கிறது. இரண்டு ஊசி போட்டால் போதும். அந்த ஊசி மருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-ல் அனுமதி பெற்றது. இன்று உலகில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அனுமதி இருக்கிறது. இருந்தும் ஐரோப்பாவின் பெரும்பாலான பண்ணைகளில் இன்னும் கத்திதான். இதற்குக் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை. ஒரு சொல்லைப் பற்றிய பயத்திலும், செலவை யார் தலையில் கட்டுவது என்ற இழுபறியிலும் இருக்கிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

ஆண் பன்றி பருவத்துக்கு வரும்போது அதன் உடலில் இரண்டு பொருட்கள் சேர ஆரம்பிக்கின்றன. ஒன்று ஆண்ட்ரோஸ்டினோன். இது விதைகளில் உற்பத்தியாகிறது. ஆண் பன்றியின் எச்சிலில் கலந்து பெண் பன்றியை ஈர்ப்பதுதான் இதன் இயற்கையான வேலை. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் இறைச்சியின் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடுகிறது. சூடாக்கும்போது சிறுநீர் போலவும் பழைய வியர்வை போலவும் நாறும்.

இன்னொன்று ஸ்கேட்டோல். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ட்ரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது உண்டாவது. சாண நாற்றம் இதனுடையது. பெண் பன்றியின் குடலிலும் இது உண்டாகிறது. ஆனால் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. ஆண் பன்றியில் விதைகளில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலின் இந்த வேலையைத் தடுப்பதால் ஸ்கேட்டோலும் கொழுப்பில் சேர்கிறது.

எல்லா ஆண் பன்றிகளின் இறைச்சியும் நாறுவதில்லை. எல்லா மனிதர்களுக்கும் அந்த நாற்றம் தெரிவதும் இல்லை. ஆண்ட்ரோஸ்டினோனை ஒருவர் எப்படி உணர்கிறார் என்பது அவருடைய மூக்கிலுள்ள ஒரு வாசனை ஏற்பியின் மரபணுவைப் பொறுத்தது என்று 2007-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே தட்டில் இருக்கும் இறைச்சியை ஒருவர் ரசித்துச் சாப்பிடுவார், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஆனால் நாற்றம் தெரிந்த அந்த ஒருவர் மறுபடியும் பன்றி இறைச்சி வாங்க யோசிப்பார். கசாப்புத் தொழிலின் பயம் இதுதான். அந்தப் பயம் நியாயமானதும்கூட.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பன்றிகளைப் பெரிதாக வளரும் முன்பே வெட்டிவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்ததால் அங்கே காயடிப்பு மிக அரிது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பெரும்பாலான ஆண் பன்றிகள் அப்படியே வளர்க்கப்படுகின்றன. மற்ற பல நாடுகளில் கத்திதான் வழக்கம்.

கத்தி என்ன செய்கிறது?

வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவார்கள். விதைப்பையில் ஒன்றோ இரண்டோ கீறல். விதைகளை வெளியே எடுத்து, அவற்றின் நாளத்தை அறுத்துவிடுவார்கள். காயத்தில் மருந்து தடவித் தாயிடம் விட்டுவிடுவார்கள்.

பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்போதோ பொய்யாகிவிட்டது. அறுக்கும்போது குட்டி போடும் கூச்சல், வெறுமனே பிடித்துத் தூக்கும்போது போடும் கூச்சலைவிடக் கீச்சென்றும் உரத்தும் இருப்பதை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்து அளந்திருக்கிறார்கள். ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறுகிறது. அடுத்த சில நாட்களுக்கு நடத்தையும் மாறுகிறது. வலி அறுக்கும் நிமிடத்தோடு முடிவதில்லை.

இருந்தாலும் சட்டம் கத்தியின் பக்கம்தான் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பிறந்து ஏழு நாளுக்குள் என்றால் மயக்க மருந்து இல்லாமலே காயடிக்கலாம். ஏழு நாள் தாண்டினால்தான் கால்நடை மருத்துவரும் மயக்க மருந்தும் வேண்டும். ஏழாவது நாளுக்கும் எட்டாவது நாளுக்கும் நடுவில் குட்டியின் நரம்பு மண்டலத்தில் அப்படி என்ன அதிசயம் நடக்கிறது? ஒன்றும் இல்லை. பண்ணையின் வசதிக்காகப் போட்ட கோடு அது.

2010-ல் விவசாயிகள் சங்கங்கள், இறைச்சித் தொழில், சில்லறை வணிகம், விலங்கு நல அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டன. 2012 முதல் வலி நிவாரணியோ மயக்க மருந்தோ இல்லாமல் காயடிப்பதில்லை, 2018 ஜனவரிக்குள் அறுவைக் காயடிப்பையே கைவிடுவது என்பது அதன் சாரம். கட்டாயம் எதுவும் இல்லாத, தாமாகவே ஏற்றுக்கொண்ட உறுதிமொழி. 2018 வந்தது, போனது. கத்தி போகவில்லை.

ஊசி என்ன செய்கிறது?

மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் ஜிஎன்ஆர்எஃப் என்ற சிறிய ஹார்மோன் சுரக்கிறது. வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி விதைகளைத் தூண்ட, டெஸ்டோஸ்டீரோனும் ஆண்ட்ரோஸ்டினோனும் உற்பத்தியாகின்றன. ஆக, மேலே இருக்கும் குழாயை மூடினால் கீழே தண்ணீர் வராது.

இந்த ஹார்மோனின் அமைப்பு 1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழுவால் கண்டறியப்பட்டது. அதற்காக அவர்கள் பயன்படுத்தியது பெரும் எண்ணிக்கையிலான பன்றிகளின் மூளைகளை! 1977-ல் ஷாலிக்கு நோபல் பரிசு கிடைத்தது. பன்றி மூளையிலிருந்து வந்த அந்த அறிவுதான் பன்றிக்குட்டியைக் கத்தியிலிருந்து காப்பாற்றும் வழியையும் திறந்தது.

தடுப்பூசியில் இருப்பது அந்த ஹார்மோனை ஒத்த, ஆனால் ஹார்மோன் வேலை செய்யாத ஒரு துண்டு. அது தனியாகப் போனால் உடல் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் அதைத் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியில் பயன்படும் நச்சு நீக்கிய புரதத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் இருப்பதும் இந்த வகைப் புரதம்தான். பன்றியின் நோய் எதிர்ப்பு மண்டலம் இதை அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்ப்பொருட்களை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருட்கள் பன்றியின் சொந்த ஜிஎன்ஆர்எஃப்-ஐயும் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. விதைகள் சுருங்குகின்றன. ஆண்ட்ரோஸ்டினோன் குறைகிறது. கல்லீரல் மறுபடியும் ஸ்கேட்டோலை ஒழுங்காக வெளியேற்றுகிறது. நாற்றம் போய்விடுகிறது.

கழுத்தில் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், 2 மில்லி மருந்து. முதல் ஊசி எட்டு வார வயதிலிருந்து போடலாம். அது உடலைத் தயார்ப்படுத்த மட்டுமே. குறைந்தது நான்கு வாரம் கழித்து, வெட்டுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு முன் இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகுதான் விளைவு தெரியும். அதுவரை பன்றி முழு ஆணாகவே வளர்கிறது. காயடித்த பன்றியைவிடக் குறைந்த தீவனத்தில் அதிகச் சதை வைக்கிறது, கொழுப்பும் குறைவு. விவசாயிக்கு இதில் லாபமே உண்டு.

ஆஸ்திரேலியாவில் உருவான இந்த மருந்து, இம்ப்ரோவாக் என்ற பெயரில் 1998-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. பன்றி இறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் பிரேசிலில் பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. பெல்ஜியத்தின் பெரிய சில்லறை வணிக நிறுவனமான கொல்ரூய்ட் 2010-களின் தொடக்கத்திலேயே தடுப்பூசி போட்ட பன்றிகளின் இறைச்சிக்கு மாறியது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

ஜெர்மனி எடுத்த முடிவு

இந்த விவகாரத்தில் ஜெர்மனியின் கதையை மட்டும் பார்த்தாலே போதும்.

2013-ல் ஜெர்மனி தன் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. 2019 ஜனவரி முதல் மயக்க மருந்தில்லாக் காயடிப்புக்குத் தடை என்று அறிவித்தது. தயாராக ஐந்து வருடம் அவகாசம். 2018 இறுதி வந்தபோது தொழில்துறை இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி நாடாளுமன்றம் மேலும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. இந்த இரண்டு வருடத்தில் மட்டும் எத்தனை கோடிக் குட்டிகள் உணர்வோடு அறுக்கப்பட்டிருக்கும் என்பதை வாசிப்பவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் 2021 ஜனவரி 1-ல் தடை அமலுக்கு வந்தது. ஆனால் பண்ணைகள் பெருமளவில் தேர்ந்தெடுத்தது தடுப்பூசியை அல்ல, ஐசோஃப்ளூரேன் வாயு இயந்திரத்தை! குட்டியை ஒரு தொட்டிலில் மல்லாக்கக் கட்டி, மூக்கில் முகமூடி மாட்டி, வாயுவை இழுக்க வைத்து, பிறகு அதே கத்தியால் அதே அறுவை. பயிற்சி பெற்ற விவசாயியே செய்யலாம் என்று இதற்காகவே விதிமுறை கொண்டுவரப்பட்டது. இயந்திரம் வாங்க அரசு மானியமும் கொடுத்தது.

மயக்கம் இல்லாததைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குறைகளைப் பாருங்கள். ஐசோஃப்ளூரேன் மயக்கம் கொடுக்குமே தவிர, அறுவைக்குப் பிந்தைய வலியைப் போக்காது. அதற்குத் தனியாக ஒரு ஊசி போட வேண்டும். எல்லாக் குட்டிகளும் முழுதாக மயங்குவதில்லை. மயக்கத்திலிருந்து எழும் குட்டியின் உடல் குளிர்ந்திருக்கும், தள்ளாடும், தாய்ப்பன்றியின் அடியில் நசுங்கும் ஆபத்து உண்டு. வாயு கசிந்தால் வேலை செய்பவருக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வரலாம். வெளியேறும் வாயு, பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று. இத்தனைக்கும் பிறகு காயம் காயம்தான், அது ஆறவும் வேண்டும்.

இரண்டு ஊசியில் முடிகிற வேலைக்கு ஒரு ஊசி, ஒரு முகமூடி, ஒரு இயந்திரம், ஒரு பயிற்சி, ஒரு மானியம், கூடவே ஒரு கத்தி! சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே தடுப்பூசிக்கு 2007-லேயே அனுமதி கிடைத்தது. மயக்கமில்லாக் காயடிப்பு 2010-ல் தடை செய்யப்பட்டது. பண்ணைகள் போனது வாயு இயந்திரத்தின் பக்கம்.

தயக்கம் எதனால்?

முதல் காரணம் 'ஹார்மோன்' என்ற சொல். தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியை யாராவது ஒரு பத்திரிகை 'ஹார்மோன் இறைச்சி' என்று எழுதிவிட்டால் விற்பனை படுத்துவிடும் என்று இறைச்சிக்கூடங்களும் கடைகளும் பயப்படுகின்றன. ஐரோப்பாவில் வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுப்பது 1980-களிலேயே தடை செய்யப்பட்டது. அந்தச் சொல்லுக்கு அங்கே அவ்வளவு கெட்ட பெயர். ஆனால் இந்த ஊசியில் செயல்படும் ஹார்மோன் எதுவும் இல்லை. அது ஹார்மோனைக் கூட்டுவதும் இல்லை, குறைக்கவே செய்கிறது. ஒருவர் அந்த மருந்தையே குடித்தாலும் குடல் அதைச் சாதாரணப் புரதம் போலச் செரித்துவிடும். ஊசி போட்டபின் இத்தனை நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் ஐரோப்பிய அனுமதியில் பூஜ்யம் நாள்.

வாங்குபவர்கள் பயப்படுவார்கள் என்கிறார்களே, அவர்களைக் கேட்டார்களா? பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 4000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஒரு ஆய்வு, மயக்க மருந்தோடு அறுவையா, தடுப்பூசியா என்று கேட்டது. பத்தில் ஏழு பேர் அளவுக்குத் தடுப்பூசியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விளக்கிச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள். விளக்கிச் சொல்லத்தான் யாரும் முன்வரவில்லை.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. ஜெர்மனியில் குட்டி ஈனும் பண்ணையும், குட்டியை வாங்கி வளர்த்து இறைச்சிக்கு அனுப்பும் பண்ணையும் பெரும்பாலும் வேறு வேறு. கத்தி என்றால் வேலையும் செலவும் முதல் பண்ணையோடு முடிந்துவிடும். ஊசி என்றால் இரண்டாவது பண்ணைக்காரர் நூற்றுக்கணக்கான பெரிய பன்றிகளை இரண்டு முறை பிடித்துக் குத்த வேண்டும். ஒரு பன்றிக்குச் சில யூரோ மருந்துச் செலவும் அவர் தலையில். தீவனத்தில் மிச்சமாவது அதை ஈடுகட்டலாம். ஆனால் இறைச்சிக்கூடம் தடுப்பூசி போட்ட பன்றிக்கு விலையைக் குறைத்தால் கணக்கு உதைக்கும். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் கணக்கே இல்லை. இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட, கடைசியில் செலவைக் கட்டுவது சங்கிலியில் வாய் பேச முடியாத ஒரே ஆள், அந்தக் குட்டி.

எதிர்வாதங்களில் நியாயம் உண்டா?

உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மனிதருக்கும் பன்றிக்கும் இந்த ஜிஎன்ஆர்எஃப் ஒன்றுதான். ஊசி போடுபவர் தவறுதலாகத் தன் கையில் குத்திக்கொண்டால், அது ஆணானாலும் பெண்ணானாலும் இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கக்கூடும். இரண்டாவது முறையும் குத்திக்கொண்டால் ஆபத்து அதிகம். அதனால்தான் ஊசி வெளியே தெரியாதபடி உறை மூடிய சிறப்புக் கருவியால்தான் போட வேண்டும், கர்ப்பிணிகள் போடக்கூடாது, ஒருமுறை தவறிக் குத்திக்கொண்டவர் மறுபடி இந்த மருந்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். பண்ணைத் தொழிலாளிக்குச் சரியான பயிற்சியும் கருவியும் கொடுக்காமல் ஊசியை மட்டும் கையில் திணிப்பது குற்றம்.

ஏதாவது ஒரு பன்றிக்கு ஊசி விட்டுப்போகலாம். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டாவது ஊசிக்குப் பிறகும் விதை பெரிதாகவே இருந்தால், முரட்டுத்தனம் அடங்காவிட்டால், மறுபடி போட வேண்டும். இறைச்சிக்கூடத்தில் கொழுப்பைச் சூடாக்கி மனித மூக்கால் முகர்ந்து சோதிக்கும் முறையும் இருக்கிறது.

இரண்டாவது ஊசி வரை அவை முழு ஆண்கள் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் சண்டையும் ஓரளவு இருக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உலர்தொடை இறைச்சிக்காகப் பல மாதம் கூடுதலாக வளர்க்கப்படும் பன்றிகளுக்கு இரண்டு ஊசி போதாது, மூன்றாவது தேவைப்படலாம். நல்ல கொழுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாமலும் போகலாம்.

"வால் நறுக்குவதும், பல் தேய்ப்பதும், நெருக்கிக் கூண்டில் அடைப்பதும் அப்படியே இருக்க, இது ஒன்றை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்பதற்காக, நாளைக்கே சரிசெய்ய முடிந்ததையும் விட்டுவைக்க வேண்டுமா?

செய்ய வேண்டியது

மேலே சொன்ன குறைகள் எதுவும் பயிற்சியாலோ கருவியாலோ தீர்க்க முடியாதவை அல்ல. கத்தியின் குறையை அப்படித் தீர்க்க முடியாது, அறுப்பதுதான் அதன் வேலையே. எனவே முடிவெடுக்க வேண்டியவர்கள் விவசாயிகள் மட்டும் அல்ல. தடுப்பூசி போட்ட பன்றிக்கு விலையைக் குறைக்க மாட்டோம் என்று பெரிய இறைச்சிக்கூடங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொல்ரூய்ட் செய்ததைப் போல மற்ற கடைகளும் முன்வர வேண்டும். வாயு இயந்திரத்துக்குப் போன மானியத்தைத் தடுப்பூசிக்கும் அதைப் போடும் தொழிலாளியின் பாதுகாப்புக்கும் அரசுகள் கொடுக்கலாம். ஊசியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லும் பொறுப்பும் அரசுகளுக்கு உண்டு.

வாங்குபவர் பயப்படுவார் என்று அவர் பெயரைச் சொல்லியே இருபது வருடத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்டாகிவிட்டது. கேட்டபோது அவர் ஊசியைத்தான் சொன்னார். இனியாவது அவர் சொன்னதைக் கேட்டால், அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் கோடிக்கணக்கான குட்டிகள் முதல் வாரத்தில் தாயிடம் பால் குடித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம்.